க/பெ: பிரிந்து வாழும் பெண் வாங்கிய வீட்டுக்கு யார் வாரிசு?



அன்னை மீனாம்பாள் சிவராஜை நினைவுகூரும் இந்தக் கூட்டத்தில் தலித் பெண்களின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொல்லி எங்களை அழைத்தார்கள். வரலாறு என்றதும் மாநாடுகள், தீர்மானங்கள், தலைவர்களின் படங்கள் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் வருவோம். ஆனால் நாங்கள் ஒரு கிரயப் பத்திரத்திலிருந்து தொடங்க விரும்புகிறோம். அதைத் திரும்பத் திரும்பப் படித்ததால்தான் இந்த உரையே உருவானது.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது கள்ளிக்குப்பம். அங்கே ஒரு சந்தில் கால் கிரவுண்டுக்கும் குறைந்த மனையில் ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். 2016இல் அதை வாங்கியவர் எங்களோடு பல வருடம் வேலை செய்த ஓர் அக்கா. பெயர் வேண்டாம், அவர் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து, பிறகு செக்கிங்கில் நின்று சம்பாதித்தவர். ஒன்பது வருடச் சீட்டு, பி.எஃப். முன்பணம், அம்மாவின் தோடு, மீதிக்குக் கடன். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தக் கூடமும் சமையலறையும்.

பத்திரத்தில் வாங்குபவர் பெயருக்கு முன்னால் ஓர் ஆணின் பெயர் இருக்கிறது. "இன்னார் அவர்களின் மனைவி." அந்த இன்னார் 2007லேயே பிரிந்து போனவர். நான்கு வயதுப் பெண் குழந்தையோடு அக்கா அம்மா வீட்டுக்கு வந்தார். அந்த வருடமே திருவள்ளூர் பக்கத்துச் சொந்த ஊரில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து தீர்த்துவிட்டார்கள். 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். தாலியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அந்த ஆளுக்கு வேறு குடும்பமும் வந்துவிட்டது. ஆனால் ஆதாரில் "க/பெ" என்று இருந்தது, ஆதாரைப் பார்த்துப் பத்திரம் எழுதினார்கள். அக்கா த/பெ போடச் சொன்னாராம். "டைவர்ஸ் ஆர்டர் இருக்காம்மா?" என்று கேட்டார் பத்திரம் எழுதுபவர். இல்லை.

இருந்திருக்க வேண்டும் என்று கடன் கேட்கப் போன இடத்திலும் சொல்லியிருந்தார்கள். திருமணமான பெண் என்றால் கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், விவாகரத்து என்றால் தீர்ப்பின் நகல் வேண்டும். ஊர் தீர்த்துவிட்ட தாளை அந்த வங்கியின் அதிகாரி இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று அக்கா நடித்துக் காட்டுவார். அதனால்தான் 2015இல் அவர் நீதிமன்றத்தில் விவாகரத்து மனுப் போட்டார். அந்த ஆள் வந்தார், வாய்தா கேட்டார், சமாதானப் பேச்சுக்கு வருவதாகச் சொல்லி வராமல் இருந்தார். கடைசியில் தம்பியைச் சேர்த்துக்கொண்டு ஒரு தனியார் நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்குக் கடன் கிடைத்தது. வீடு வாங்கியாகிவிட்டது. வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் அக்கா இறந்துபோனார். வழக்கு அப்போதும் முடியவில்லை.

விவாகரத்து மனு நிலுவையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அந்த மனுவும் அவரோடு முடிந்துபோகிறது. பதினான்கு வருடம் பிரிந்திருந்த ஆள் சட்டத்தின் கண்ணில் மனைவியை இழந்த கணவர் ஆகிவிட்டார். வாரிசுச் சான்றிதழில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது மகள். அக்காவின் அம்மா பெயர் இல்லை. அலுவலகத்தில் நாங்கள் சத்தம் போட்டபோது அங்கிருந்த ஊழியர் அமைதியாகச் சொன்னார்: "நல்லவரோ கெட்டவரோ, தீர்ப்பு வரலைன்னா அவர்தாம்மா புருஷன்." அவர் சொன்னது சரி. எங்களை உறுத்தியது அதுதான். யாரோ ஓர் அதிகாரியின் கொழுப்பு என்றால் மனுக் கொடுத்திருப்போம், தெருவில் உட்கார்ந்திருப்போம். இது சட்டம். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தோம்.

முதலில் வீட்டின் கதை. கள்ளிக்குப்பம் இன்று சென்னை மாநகராட்சி. 2011இல்தான் அம்பத்தூர் நகராட்சி மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு முன் நீண்ட காலம் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. செங்கல்பட்டு என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் திரமென்கீர். 1891இல் அந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்து, அங்கிருந்த பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. முதல் பத்து வருடம் விற்கவோ அடகு வைக்கவோ தானம் கொடுக்கவோ முடியாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும் என்ற நிபந்தனை நமக்கு மனப்பாடம். 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் நமக்குத் தெரியும்.

நாம் அதிகம் பேசாத ஒன்று அந்த அறிக்கையில் உண்டு. வயலைப் போலவே வீட்டுமனையைப் பற்றியும் அது கவலைப்பட்டது. சேரி இருந்த நத்தத்தையும் மிராசுதார்கள் தங்களுடையது என்றார்கள். கூலி அதிகம் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடிந்தது. குடிசை நம்முடையது, அதற்கு அடியில் இருக்கும் மண் அவர்களுடையது. வீடு என்பது அடங்கிப் போவதற்குக் கொடுத்த கூலியாக இருந்தது. சேரி மனைக்குப் பட்டா வேண்டும் என்ற கோரிக்கை சுயமரியாதைக் கோரிக்கையாக ஆனதன் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் வீட்டுமனைகளுக்காகவே நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், நூறு வருடத்தில் அந்தச் சிக்கல் எவ்வளவு அவிழ்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை நாம் சொல்லும்போது 'குடும்பத்துக்கு மனை' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் குடும்பம் இரண்டாக உடைந்தால் மனை யாருக்கு என்ற கேள்வி நம் மேடைகளில் எழுந்ததில்லை. எங்கள் மேடையும் அதில் அடக்கம்.

அம்பத்தூரில் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது தொழிற்சாலை. 1964இல் இங்கே தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, சுற்றிலும் பட்டறைகள், பின்னால் ஆயத்த ஆடை. ஏரிக்கரை ஊர்களிலிருந்தும் திருவள்ளூர், ராணிப்பேட்டை பக்கமிருந்தும் வந்த குடும்பங்கள் கள்ளிக்குப்பம், ஒரகடம், புதூர் என்று குடியேறின. நம் பெண்கள் எப்போதும் உழைத்தவர்கள்தான், ஆனால் களத்துமேட்டில் அளந்த நெல்லைக் கையில் வைத்து மனை வாங்க முடியாது. மாதச் சம்பளம் வந்தது, சீட்டு வந்தது, பெண் தன் பெயரில் ஒரு துண்டு இடம் வாங்குவது நடக்கக்கூடிய காரியமாயிற்று. பாட்டிக்கு இருந்திராத ஒரு பிரச்சினை பேத்திக்கு வந்தது. அவள் தனியாக வாங்கிய சொத்துக்கு, அவளை விட்டுப் போனவன் வாரிசா?

பாட்டி காலத்தில் பிரிவது எளிது. இதைக் கொஞ்சம் பெருமையோடும் கொஞ்சம் தயக்கத்தோடும் சொல்கிறோம். சாஸ்திர இந்துச் சட்டத்தில் திருமணம் அவிழ்க்க முடியாத கட்டு. பிராமணர்களும் அவர்களைப் பார்த்து ஒழுகிய மேல்சாதியினரும் அதைப் புனிதம் என்றார்கள். நம்மிடமும் உழைக்கும் பல சாதிகளிடமும் தீர்த்துவிடுவது இருந்தது, அறுத்துக் கட்டுவது இருந்தது. ஒத்துவரவில்லை என்றால் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டாள். நாகரிகமில்லாதவர்களின் வழக்கம் என்று இதை ஏளனம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குடும்ப நீதிமன்ற வராண்டாவில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார்கள்.

தயக்கம் எதற்கு என்றால், பிரிவது எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம் பிரிக்க எதுவும் இல்லாமல் இருந்தது. நாலு பாத்திரம், ஓர் ஆடு. குடிசையோ மிராசுதார் மண்ணில். அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களும் ஆண்கள். பிள்ளை யாரிடம், பரிசப் பணம் திரும்ப வேண்டுமா என்று அவர்கள் பேசினார்கள். அவள் எங்கே போய்ப் படுப்பாள் என்று பேசியதாக எங்கள் பாட்டிகள் யாரும் சொல்லவில்லை. அம்மா வீட்டுத் திண்ணை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சமூகவியல் வகுப்பில் தலித் பெண்ணின் 'ஒப்பீட்டுச் சுதந்திரம்' என்று படித்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான்.

பிரியும் உரிமையையும் சொத்துரிமையையும் சேர்த்துக் கேட்ட ஒரு மாநாடு இதே செங்கல்பட்டில் நடந்தது. 1929 பிப்ரவரியில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், மணமுறிவு உரிமை வேண்டும் என்ற இரண்டு தீர்மானங்களும் ஒரே கூட்டத்தில் நிறைவேறின. ஒன்றில்லாமல் மற்றது நொண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பின் வந்த சட்டங்கள் நொண்டித்தான் நடந்தன. 1937இல் வந்த சட்டம் விதவைக்குச் சொத்தில் பங்கு கொடுத்தது, ஆனால் அனுபவிக்கலாம், அவள் இஷ்டப்படி விற்கவோ கொடுக்கவோ முடியாது. 1946இல் வந்த சட்டம் கொடுமைக்கு உள்ளான மனைவி தனியே வசித்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. எந்த வீட்டில் வசிப்பது என்று சொல்லவில்லை. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவையும் அனுமதித்தது. சொத்தைப் பற்றிப் பேசவில்லை.

தேடும்போது எங்களை உண்மையிலேயே அதிர வைத்தது இன்னொரு சட்டம். வெள்ளைக்காரன் 1869இல் இங்கே கிறிஸ்தவர்களுக்காகப் போட்ட விவாகரத்துச் சட்டம். கிறிஸ்தவப் பெண்களை அது பாடாய்ப் படுத்தியது. கணவனின் கள்ள உறவை மட்டும் காட்டினால் போதாது, கூடவே கொடுமையையோ கைவிட்டதையோ வேறொரு குற்றத்தையோ காட்ட வேண்டும். 2001இல்தான் அது திருந்தியது. ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படியுங்கள். நீதிமன்றம் கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்த நாளிலிருந்து, அந்தப் பிரிவு நீடிக்கும்வரை, அவள் சம்பாதிக்கும் எந்தச் சொத்தைப் பொறுத்தும் அவள் மணமாகாதவளாகவே கருதப்படுவாள். அவள் உயில் எழுதாமல் இறந்தால், கணவன் ஏற்கெனவே இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அந்தச் சொத்தைப் பங்கிட வேண்டும்.

விவாகரத்து முடியவில்லை. பிரிவு மட்டும்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் அவள் வாங்கும் வீட்டில் அவனுக்கு இடமில்லை. இங்கிலாந்தில் 1857இல் கைவிடப்பட்ட மனைவியின் சம்பாத்தியத்தைக் கணவனிடமிருந்தும் அவனுடைய கடன்காரர்களிடமிருந்தும் காப்பாற்றக் கொண்டுவந்த ஏற்பாட்டின் வழியில் வந்தது இது. அந்த ஊரில் கணவன் மனைவியின் கூலியையே எடுத்துக்கொள்ள முடிந்ததால் இந்தக் காவல் தேவைப்பட்டது. பெண்ணின் மேல் பெரிய மரியாதை வந்து செய்ததல்ல. இருந்தாலும், பிரிந்த பிறகு அவள் உழைப்பு அவளுடையது என்று ஒரு சட்டம் எழுத முடியும் என்பதற்கு 1869 சாட்சி. 1955இன் இந்துத் திருமணச் சட்டத்திலும் நீதிமன்றப் பிரிவு உண்டு, 10ஆம் பிரிவு. சேர்ந்து வாழ வேண்டிய கடமை இல்லை என்று அது சொல்கிறது. சொத்தைப் பற்றி இப்படி ஒரு வரி அதில் இல்லை. நீதிமன்றமே பிரித்து வைத்திருந்தாலும் இந்துப் பெண்ணுக்கு அவன் வாரிசுதான்.

கள்ளிக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற எத்தனையோ குடும்பங்கள் சான்றிதழில் இந்து. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி இருக்கச் செய்திருக்கிறது. அவர்கள் எந்தச் சட்டத்தில் வருவார்கள் என்று கேட்டால் வழக்கறிஞர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பௌத்தம் தழுவினாலும் தப்ப முடியாது. இந்த இந்துச் சட்டங்கள் பௌத்தருக்கும் பொருந்தும்.

அண்ணல் அம்பேத்கரிடம் வருவோம். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நாம் பெரும்பாலும் அவர் பதவி விலகிய கதையாகத்தான் சொல்கிறோம். 1951 செப்டம்பரில் அவர் விலகினார், அதற்கான காரணங்களில் ஒன்று இந்த மசோதா கைவிடப்பட்டது. அது எந்த வடிவத்தில் இருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை, பெண்ணின் முழுச் சொத்துரிமை, ஜீவனாம்சம், தத்து எல்லாம் ஒரே மசோதாவில் இருந்தன. அவர் 1942இல் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களிடம் மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும் என்று பேசியவர். சமமாக நிற்பதற்குக் காலடியில் தரை வேண்டும் என்பதை மசோதாவாக எழுதியவர் அவர். வெளியேறும் கதவும் வெளியேறியபின் நிற்கும் இடமும் ஒரே தொகுப்பில் இருந்தன.

எதிர்த்தவர்கள் அதைத் துண்டுபோட்டார்கள். 1955 ஜனவரியில் நம் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோசலிச பாணிச் சமுதாயம் அமைக்கத் தீர்மானம் போட்டது. அந்த மே மாதம் திருமணச் சட்டம் தனியாக வந்தது. 1956 ஜூனில் வாரிசுரிமைச் சட்டம் தனியாக வந்தது. பாதுகாவலர் சட்டமும் தத்து, ஜீவனாம்சச் சட்டமும் அதே வருடம் தனித்தனியாக வந்தன. ஒன்றும் வராமல் போனதற்கு இது மேல்தான், நாங்கள் மறுக்கவில்லை. 1956இன் 14ஆம் பிரிவு பெண்ணின் சொத்து முழுமையாக அவளுடையது என்றது. அது பெரிய வெற்றி. ஆனால் துண்டு போட்டபோது இரண்டு துண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. திருமணச் சட்டம் பிரிவை அறியும், வீட்டை அறியாது. வாரிசுச் சட்டம் வீட்டை அறியும், பிரிவை அறியாது. அக்கா பதினான்கு வருடம் வாழ்ந்தது அந்த இடைவெளியில்.

அந்த வாரிசுச் சட்டத்தின் 15ஆம் பிரிவை இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து முதலில் மகன்கள், மகள்கள், கணவன் ஆகியோருக்கு. அவர்கள் யாரும் இல்லையென்றால் இரண்டாவதாகக் கணவனின் வாரிசுகளுக்கு. மூன்றாவதாகத்தான் அவளுடைய அம்மா, அப்பாவுக்கு. அப்பா, அம்மா வழியில் வந்த சொத்துக்கு மட்டும், பிள்ளை இல்லாதபோது, அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு விலக்கு. அவளே உழைத்துச் சம்பாதித்ததற்கு அந்த விலக்கும் கிடையாது. இப்போது ஆணுக்கான 8ஆம் பிரிவைப் பக்கத்தில் வையுங்கள். ஆண் இறந்தால் அவனுடைய அம்மா முதல் வகுப்பு வாரிசு, மனைவி மக்களோடு சமமாகப் பங்கு பெறுவாள். மகனைப் பெற்றவள் முதல் வரிசையில். மகளைப் பெற்றவள் மருமகனுக்கும் மருமகன் வீட்டாருக்கும் பின்னால். தோட்டை விற்றுக் கொடுத்த அம்மா!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வட இந்தியாவில் 1955இல் மணமான ஒரு பெண். மூன்று மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். கணவன் வீட்டார் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனாள், சம்பாதித்தாள், 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். வங்கிப் பணமும் சேமநல நிதியும் யாருக்கு? அம்மா கேட்டார். கணவனுடைய சகோதரியின் மகன்களும் கேட்டார்கள். அவள் வாழ்ந்த நாற்பது வருடத்தில் எட்டிப் பார்க்காத குடும்பம். நீதிமன்றம் அவர்களுக்குத்தான் கொடுத்தது. அனுதாபம் மட்டுமே வழிகாட்டியாக முடியாது, சட்டம் தெளிவாக இருக்கிறது என்றது. அதற்கு முந்தைய வருடமே சட்ட ஆணையம் தன் 207ஆம் அறிக்கையில், பெண் தானே சம்பாதித்த சொத்தைப் பொறுத்து 15ஆம் பிரிவைத் திருத்தச் சொல்லியிருந்தது. திருத்தவில்லை.

பிற்பாடு வந்த நல்ல சட்டங்களும் பெண்ணை அவன் வீட்டில் குடியிருப்பவளாகவே கற்பனை செய்கின்றன. 2005இன் குடும்ப வன்முறைச் சட்டம் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை கொடுத்தது. அந்த வீடு மாமியார் பெயரில் இருந்தால் என்ன என்பதற்கு 2006இல் ஒரு பதிலும் 2020இல் அதற்கு நேர் எதிரான நல்ல பதிலும் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் சம்பாதித்த கணவனின் பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றது. வீட்டு வேலைக்கு விலை உண்டு என்று சொன்ன தீர்ப்பு, நாம் கொண்டாட வேண்டியது. ஆனால் நம் பெண்களில் பலருக்குக் கணவன் வாங்கிய வீடு என்று எதுவும் இல்லை. அவர்களுக்குத் தங்கள் வீட்டை அவனிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அரசு வீட்டுத் திட்டமும் இதே கற்பனையில்தான் ஓடுகிறது. 2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டம் பெண் பெயரிலோ கூட்டாகவோ பத்திரம் இருக்க வேண்டும் என்றது, நல்லது. ஆனால் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. பிரிந்து போனவருக்கு ஊரில் ஒரு கான்கிரீட் வீடு இருந்தது. அதில் அக்கா ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. காகிதத்தில் அது அவர் குடும்பத்தின் வீடு. வட்டி மானியம் கிடைக்கவில்லை.

வழக்கத்தின்படி தீர்த்துவிட்டதைச் சட்டம் ஏற்பதில்லையா என்று மாணவர்கள் கேட்பீர்கள். ஏற்கிறது. திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கத்தால் வந்த மணமுறிவு உரிமையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது என்பதையும், அதன்படியே தீர்ந்தது என்பதையும் உரிமை கோருபவர்தான் நிரூபிக்க வேண்டும். அக்காவின் மகள் சார்பில் இப்போது நடக்கும் வழக்கு அதுதான். 2007இலேயே தீர்ந்துவிட்டது, ஆகவே அவர் வாரிசு அல்ல என்பது நம் வாதம். கையெழுத்துப் போட்ட பெரியவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வி கேட்டார்: ஊரே தீர்த்துவிட்டது உண்மையென்றால் 2015இல் அந்த அம்மாள் ஏன் நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டார்?

கடன் கொடுப்பவர்கள் கேட்டார்கள் என்பதால் கேட்டார். நம் வழக்கத்தை நம்பாத ஓர் உலகத்துக்குப் புரிகிற காகிதம் வேண்டும் என்பதால் கேட்டார். அந்தக் காகிதத்தைத் தேடிப் போனதே இன்று அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. மறைக்க மாட்டோம். பஞ்சமி நிலத்துக்கு வரைபடம் வைத்திருந்தோம், மனு எழுதக் கற்றுக்கொடுத்தோம், அக்காவையும் அழைத்துக்கொண்டு எத்தனை தாலுகா அலுவலகம் ஏறினோம். வீடு வாங்கிய அன்று கள்ளிக்குப்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். ஒருவருக்கும் உயில் என்ற சொல் வாயில் வரவில்லை. உயில் பணக்காரர் விஷயம், கிழவர் விஷயம், அபசகுனம். அவருக்கு அப்போது 38 வயது. உயிலை வெள்ளைத் தாளில் எழுதலாம், பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், உயிலில் பயன்பெறுகிறவர் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது. அவ்வளவுதான். மகளுக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் 15ஆம் பிரிவு அந்தச் சந்துக்குள் நுழைந்திருக்காது. நாமினி போட்டிருக்கிறேன் என்று பல பெண்கள் தைரியமாக இருக்கிறார்கள். வங்கியில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அவர் வாரிசு ஆகிவிட மாட்டார்.

15ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும், பெண்ணின் சுய சம்பாத்தியத்தில் அவளைப் பெற்றவர்கள் முதல் வரிசைக்கு வர வேண்டும். பிரிந்து வாழும் காலத்தில் வாங்கியது அவளுடையது மட்டும் என்று 1869இல் எழுத முடிந்ததை இப்போதும் எழுத வேண்டும். நம் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சமி நிலத்துக்குப் பக்கத்தில் இது இடம்பெற வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை வேண்டுகிறோம். பெண் பெயரில் பதிந்தால் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலிலிருந்து மாநில அரசு சலுகை கொடுத்திருக்கிறது. அதனால் இன்னும் பல அக்காக்கள் தங்கள் பெயரில் வாங்குவார்கள். அவர்களில் எத்தனை பேர் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

போன மழைக்காலத்துக்குப் பிறகு கள்ளிக்குப்பத்தில் அந்த வீட்டிலேயே மாதம் ஒரு ஞாயிறு உட்காருகிறோம். வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு வீடு இல்லை. சீட்டுப் பணமும் இரண்டு சவரனும் பி.எஃப். கணக்கும்தான் இருக்கின்றன. அதற்கும் எழுதுகிறார்கள். முதல் நாள் வந்த ஒருவர், கணவரைப் பிரிந்து ஆறு வருடமாகிறது, தாளை எடுத்துத் தன் பெயரை எழுதிவிட்டு நிறுத்தினார். அடுத்து என்ன போடுவது என்று கேட்டார். யாருடைய மகள் என்று போடலாம், சட்டத்துக்கு அது போதும் என்றோம். அவருடைய அப்பாவும் அம்மாவை விட்டுவிட்டுப் போனவராம். அம்மா பெயரைப் போடலாமா என்றார். போட்டார்.

அக்காவின் அம்மா அன்றைக்கு டீ போட்டுக் கொடுத்தார். மின் இணைப்பு இன்னும் அக்கா பெயரில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெயரில் பில் வருகிறது, பேத்தி கட்டுகிறாள். வழக்கின் அடுத்த வாய்தா ஜூலையில்.